சாவி உங்க கையில்தான்! காசு பத்திரமா?

"பாங்கி வேண்டாம், புரோக்கர் வேண்டாம். போனிலேயே பர்ஸ்! சாவி உங்க கையில்!"

பிட்காயின் போன்ற கிரிப்டோ காசுகளை நாமே வைத்துக்கொள்ளும் ஆப்களுக்கு இப்படித்தான் விளம்பரம்.

காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 18-ந் தேதி 'வாசிர்எக்ஸ்' என்ற கிரிப்டோ சந்தையில் சுமார் 2 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள காசுகள் கொள்ளை போயின. காசு போட்டவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். "அடுத்தவனிடம் கொடுத்தால் இதுதான் கதி" என்கிறார்கள்.

சரிதான். ஆனால் பாதிதான் சரி!

12 சொல்தான் சாவி

சொந்தப் பர்ஸைத் திறந்ததும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரும். அதுதான் சாவி. அது தெரிந்த திருடன் உங்க போனைத் தொடவே வேண்டாம். எந்த நாட்டில் இருந்தும் வழித்துக்கொண்டு போவான்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயி பாஸ்புக்கைத் தொலைத்தால், பாங்கியில் வேறு புத்தகம் தருவார்கள். இங்கே மானேஜரும் கிடையாது, மனுப் போட இடமும் கிடையாது. போனும் போய், சொல்லும் தொலைந்தால் காசு போச்சு!

ஆப்பையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2022 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான பர்ஸ்கள் காலியாயின. விசாரித்தால், 'ஸ்லோப்' என்ற ஆப்பே ரகசியச் சொற்களை வெளிக் கணினிக்கு அனுப்பியிருந்தது!

யார் திறந்து கொடுத்தது?

மூங்கில்துறைப்பட்டானாலும் மவுண்ட் ரோடானாலும், புது ஆப் போட நாம் தெரிந்த பையனைத்தான் தேடுகிறோம். திரையில் வரும் 12 சொல்லை அவனும் பார்த்துவிட்டால்? பெட்டி ஒன்று, சாவி இரண்டு பேரிடம்! பையன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் போனில் இருக்கும் போட்டோ யார் கைக்குப் போகும்?

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்தில் 100-க்கு 30 ரூபாய் வரி. வரி வாங்கும் அரசு, இந்த ஆபத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் காட்டும்படி ஆப்காரர்களுக்கு உத்தரவு போடக்கூடாதா?

அதுவரை நாம்தான் உஷாராக இருக்கணும். சொற்களை உங்க கையாலேயே காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். போட்டோ வேண்டாம். 'கஸ்டமர் கேர்' என்று சொல்லி அதைக் கேட்பவன் திருடன்! போன் பர்ஸில் சட்டைப்பையில் வைக்கிற அளவு காசு போதும். ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

சாவியைக் காக்கத் தெரியாதவர் பெட்டியே வாங்க வேண்டாம்!