முதல் 18 மணி நேரம்

அறுவடையின்போது நெல் தாள் கண்ணில் கீறுகிறது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு அந்தப் பெண் வேலையைத் தொடர்கிறார். மறுநாள் கண் சிவந்து நீர் வடிகிறது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்தில் சிவப்பு குறைகிறது. பத்தாவது நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. கண் மருத்துவமனைகள் அடிக்கடி கேட்கும் கதை இது.

கருவிழி அழற்சிக்குக் காரணம் பாக்டீரியாவாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், ஹெர்ப்பிஸ் வைரஸாகவும் இருக்கலாம். மேலைநாடுகளில் காண்டாக்ட் லென்ஸ் முக்கியக் காரணம். இந்தியக் கிராமங்களில் பயிரும் வைக்கோலும் மரக்குச்சியும்தான். அதனால்தான் தென்னிந்தியாவில் பூஞ்சைப் புண்கள் அதிகம்.

புளோரசின் சாயத்தைச் சொட்டி நீல ஒளியில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். மரக்கிளைபோல் பிரிந்து தெரிந்தால் பெரும்பாலும் ஹெர்ப்பிஸ். மற்றவற்றில் தோற்றத்தை மட்டும் நம்ப முடியாது. கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் வைத்தால் பூஞ்சை இழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நாட்களாகும்.

கிருமிக்கு ஏற்பத்தான் மருந்து. பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு, தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறை. ஹெர்ப்பிஸுக்கு அசைக்ளோவிர் போன்றவை. பூஞ்சைக்குப் பழைய நேட்டமைசினா, புதிய வோரிகோனசோலா என்ற கேள்விக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற ஆய்வு 2013இல் பதில் தந்தது. 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டதில் பழையதே வென்றது. ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கடைச் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது ஸ்டீராய்டு. அது சிவப்பையும் வலியையும் அடக்கும். உடலின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். பிறகு கருவிழி மாற்று அறுவைக்கு யாரோ தானமாகத் தரும் கண்ணுக்குக் காத்திருக்க வேண்டும்.

இத்தனையையும் தவிர்க்க வழி உண்டு. நேபாளத்தின் பக்தபூரில் கருவிழியில் கீறல்பட்டவர்களுக்குக் கிராமத் தொண்டர்களே குளோராம்பெனிக்கால் களிம்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான முடிவு: 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய யாருக்கும் புண் வரவில்லை. தாய்ப்பாலுக்கும் இலைச்சாற்றுக்கும் செலவிடக்கூடாத நேரம் அது.