வயிற்று வலியா, மன வலியா?

"தீராத வயிற்று வலியால் தற்கொலை" - தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பல்லாண்டு காலமாக வந்த வாசகம் இது. வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமமானாலும் சரி, சென்னைப் பட்டணமானாலும் சரி, காரணம் மட்டும் மாறுவதில்லை!

அத்தனை பேருக்குமா வயிற்று வலி? இல்லை. கடன், குடி, புகுந்த வீட்டுக் கொடுமை, பரீட்சைத் தோல்வி. வெளியே சொன்னால் மானம் போகும். போலீசும் துருவிக் கேட்கும். வயிற்று வலி என்றால் பேச்சு அதோடு முடிந்தது!

டாக்டர்கள் சொன்னது

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் தற்கொலை பெரும் பாவம், குற்றமும்கூட. அது மனநோயின் அறிகுறி என்று 1838-ல் எழுதினார், பிரெஞ்சு டாக்டர் எஸ்கிரால்.

1897-ல் எமில் துர்க்கைம் இன்னொரு கோணத்தைக் காட்டினார். இவர் டாக்டர் அல்ல, சமூகவியல் அறிஞர். மனிதர்கள் ஒட்டி உறவாடும் இடத்தில் தற்கொலை குறைவு, தனித்து விடப்பட்டவர்களிடையே அதிகம் என்று கணக்குக் காட்டினார். அதாவது, நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது. அவர் வாழும் ஊரையும் பார்க்கவேண்டும்.

மதுரையில் நடந்த ஆராய்ச்சி

வேடசந்தூர் அன்று மதுரை ஜில்லாவில் இருந்தது. (திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்.) மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான் இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரி. தற்கொலைக்கு முயன்று அங்கே சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றி ஆராய்ந்து, 1965-ல் கட்டுரை வெளியிட்டார் மனநல டாக்டர் வெங்கோபராவ்.

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. 1860-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி, பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை! பிறகு யார் உண்மையைச் சொல்வார்கள்? உண்மை தெரியாவிட்டால் சிகிச்சை ஏது?

2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்றது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை.

மருந்தில்லாத வைத்தியமும் உண்டு. பள்ளி இறுதித் தேர்வில் தோற்ற மாணவர் இன்று ஓராண்டு காத்திருக்க வேண்டாம். சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதலாம்.

என்ன செய்யலாம்?

"இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் சொன்னால், வெறும் பயமுறுத்தல் என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வேடசந்தூர் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லலாம். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சட்டம் மாறிவிட்டது. மாறவேண்டியது ஊர் வாய்தான். வயிற்று வலி என்று சொல்ல வெட்கப்படுவோர் இல்லை. மன வலியையும் அப்படிச் சொல்லும் நாள் வரவேண்டும்!