மொறிஸ் மைனரின் ஃபேனைக் கழற்றுவதற்கு முன்



பழைய கார் வைத்திருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. எஞ்சினோடு வந்த இரும்பு ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டு, உடைத்த ஜப்பான் கார் ஒன்றின் எலக்ட்ரிக் ஃபேனைப் பூட்டினால் கார் சூடாகாதாம், பெட்ரோலும் மிச்சமாம். எங்களிடமே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் பதில்: அவசரப்படாதீர்கள். ஏன் என்று எழுதுகிறோம், கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் என்றால் ஞாயிற்றுக்கிழமை துடைத்து மினுக்கி எடுக்கும் பொழுதுபோக்கு. நமக்கு அப்படியல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பவும் வழி விட்டது 2025 பெப்ரவரியில். விட்டும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் மாதச் சம்பளக்காரர் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் 1971 உடன் உற்பத்தியே முடிந்துபோன ஒரு காரில்தான் நாங்கள் இன்றும் உம்மாவைக் கிளினிக்குக் கொண்டு போகிறோம். அது நடுரோட்டில் நின்றால் நிற்பது பொழுதுபோக்கு அல்ல, உம்மாவின் கிளினிக்.

எங்களுக்கு அப்படித்தான் நின்றது. வாப்பாவின் மைனருக்குத் தம்பி ஆசையாக ஒரு எலக்ட்ரிக் ஃபேன் பூட்டினான். முதல் நாளே ஒரு வேடிக்கை. மைனர் பொசிட்டிவ் எர்த் கார், அதன் பொடி முழுக்க பெட்டரியின் பிளஸ் பக்கம். ஜப்பான் காரில் இருந்த மாதிரியே கறுப்பு வயரைப் பொடியில் கொடுத்தால் மோட்டர் மறுபக்கம் சுற்றும். காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய ஃபேன் எஞ்சின் சூட்டை முன்னுக்குத் தள்ளிக் கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து வயரை மாற்றினோம், இரண்டு மாதம் பிரச்சினையில்லை.

பிறகு கச்சான் காற்று அடிக்கிற காலம். சாம்பல்தீவு தாண்டி உப்புவெளிப் பக்கம் ரோட்டு வேலைக்காக ஒரு பக்கத்தை மறித்திருந்தார்கள். வரிசையில் நின்றோம். ஃபேன் சுற்றுகிறது என்ற நினைப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை. திடீரென்று போனெட்டுக்குள் இருந்து ஆவி. பார்த்தால் ஃபியூஸ் பிடிக்கும் இடம் பச்சை பூத்து, உருகிப் போயிருந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பச்சை புதிதல்ல, உப்புக் காற்று எந்த வயர் முனையையும் விடாது. ஹெட் கெஸ்கட் போய்விட்டது. உம்மா ஒரு வேலியோர நிழலில் முக்கால் மணி நேரம் இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான் தண்ணீர் கொண்டு வந்து தந்தார்.

தம்பியில் பிழை சொல்ல மாட்டோம். பிழை நாங்கள் ஒருவரும் யோசிக்காத ஓர் இடத்தில் இருந்தது. மைனரில் கொம்பனி வைத்த சூட்டு மீட்டர் கிடையாது. பெட்ரோல் மீட்டர் இருக்கிறது, ஒயில் லைட் இருக்கிறது, சார்ஜுக்கு ஒரு சிவப்பு லைட் இருக்கிறது, அவ்வளவுதான். பழைய ஃபேன் வோட்டர் பம்பின் கப்பியிலேயே பூட்டப்பட்டிருக்கும். ஒரே பெல்ட் பம்பையும் ஃபேனையும் டைனமோவையும் சுற்றும். பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், சிவப்பு லைட் பளிச்சென்று எரியும், காரை ஓரம் கட்டுவோம். ஃபேன் நின்றதை அந்தக் கார் நமக்குச் சொல்லுகிற வழியே அதுதான். எலக்ட்ரிக் ஃபேன் நின்றால் எந்த லைட்டும் எரியாது, ஆவி வந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது கரண்ட் கணக்கு. மைனரின் லூகாஸ் டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போதே 20 அம்பியர் அளவுதான் தரும். ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர் எல்லாம் அதற்குள் வாழ வேண்டும். எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று சாதாரணமாக 8, 10 அம்பியர் குடிக்கும், சுற்றத் தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. இதைவிடப் பெரிய சிக்கல், எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. வரிசையில் நிற்கும்போதுதான் ஃபேன் தேவை, அப்போது முழுச் சுமையும் பெட்டரியின் தலையில். மார்கழி மழையில், இரவில், லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். ஒல்டனேட்டர் போட்டால் தீரும் என்பார்கள், தீரும்தான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் எர்த்தையே மாற்ற வேண்டும், செலவு ஃபேனோடு நிற்காது.

எலக்ட்ரிக் ஃபேனில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். இரும்பு ஃபேன் எஞ்சின் வேகத்துக்குத்தான் சுற்றும், அதனால் நிற்கும்போது அதன் காற்று குறைவு. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும், அப்போது அது வீணாகச் சுற்றுகிறது. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்கு. பெரிய டீசல் வேன்களில் சூடானால் மட்டும் இறுகிப் பிடிக்கும் விஸ்கஸ் ஃபேன் வைப்பது இதனால்தான். இன்றைய கார்களில் எஞ்சின் குறுக்காகக் கிடப்பதால் பெல்ட்டில் ஃபேன் பூட்டுவது கஷ்டம், எலக்ட்ரிக் ஃபேன்தான் அவற்றுக்கு வழி. அந்தக் கார்களை அதற்கென்றே செய்திருக்கிறார்கள், வயரும் ஒல்டனேட்டரும் அதற்கு ஏற்றவை. நிலாவெளி ரோட்டில் 40 இல் போகிற மைனரில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போகிறோம் என்பது மட்டும் எங்களுக்குச் சிரிப்புத்தான்.

உண்மையில் நம் கார்கள் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபேன் அல்ல, தண்ணீர். நம் கரையோரக் கிணறுகளின் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைப் படலம் கட்டும் அல்லவா? அதையே வருடக்கணக்கில் ரேடியேட்டருக்கு ஊற்றுகிறோம். உள்ளே குழாய்கள் அடைத்துப் போன ரேடியேட்டருக்கு எந்த ஃபேனும் உதவாது. இத்தோடு ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காத மூடி, தளர்ந்த பெல்ட், டைமிங் பிந்திய எஞ்சின். இவற்றை முதலில் பாருங்கள். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றுங்கள். முடியாவிட்டால் பிடித்து வைத்த மழைத் தண்ணீராவது ஊற்றுங்கள். சூட்டு மீட்டர் ஒன்று பூட்டுங்கள், ஃபேனுக்குக் கொடுக்கும் காசில் அது முடியும்.

அதற்குப் பிறகும் நகர வரிசையில் சூடேறினால், இரும்பு ஃபேனை இருக்கவிட்டு எலக்ட்ரிக் ஃபேனைத் துணைக்குப் போடுங்கள். ரிலேயும் சரியான ஃபியூஸும் வையுங்கள். ரேடியேட்டரின் தகடுகளுக்குள்ளால் பிளாஸ்டிக் டை விட்டு இழுத்துக் கட்டாதீர்கள், ஆட்டத்தில் உராய்ந்து ஓட்டை விழும். நேரடியாக பெட்டரியில் இருந்து சுவிட்ச் வழியாகக் கொடுத்த ஃபேன் திறப்பைக் கழற்றிய பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கலாம். போனெட்டுக்குள் கைவிடும் சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

இன்னொன்று, கழற்றிய சாமானை எறியாதீர்கள். எங்கள் பழைய ஃபேனைத் தம்பி இரும்புக்காரரிடம் போட்டுவிட்டான். பிறகு அதே மாதிரி ஒன்றுக்காக கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைந்தோம். இப்போது அது திரும்பப் பூட்டியாகிவிட்டது, பக்கத்தில் மீட்டரும் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள், போனெட்டைத் திறந்து காட்டுகிறோம். அந்த உருகிய ஃபியூஸ் பெட்டியையும் தம்பி எடுத்து வைத்திருக்கிறான்.