காய்ச்சல் தொடங்கிய நாளே முதல் நாள்

கொரோனாவுக்கு மருந்தே கிடையாது என்று 2020-இல் நாம் கேட்ட சொல் இன்றும் நம் வீடுகளில் அப்படியே நிலைத்திருக்கிறது. அந்த ஆண்டில் அது ஏறத்தாழ உண்மையாக இருந்தது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டிலிருந்தபடியே விழுங்கக்கூடிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் அனுமதி பெற்றுவிட்டன. ஆயினும் நம் குடும்பங்களில் ஒரு பெரியவருக்குத் தொற்று உறுதியானால் கஷாயம், பாராசிட்டமால், ஆவி பிடித்தல், துஆ என்பதோடு நின்றுவிடுகிறோம். உடல்நலமுள்ள இளைஞருக்கு இதுவே போதும். எழுபது வயதில், இருபது ஆண்டுச் சர்க்கரை நோயோடு இருக்கும் வாப்பாவுக்கு இது போதுமா என்பதுதான் கேள்வி.

இம்மருந்துகளைப் பற்றி முதலில் அறிய வேண்டியது அவற்றின் காலக்கெடு. நிர்மட்ரெல்விர், ரிடோனாவிர் ஆகிய இரண்டும் சேர்ந்த பாக்ஸ்லோவிட் மாத்திரையை நோய் அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து ஐந்து நாட்கள் என்று பலரும் எண்ணுகின்றனர். அது பிழை. தொண்டை கரகரத்த அந்த முதல் இரவிலிருந்தே கணக்குத் தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்து உடல்வலி என்று படுத்தவர் செவ்வாய்க்கிழமை பரிசோதனை செய்துகொண்டால், 'பாசிட்டிவ்' என்று தெரியும் வேளையில் அவர் ஐந்தாம் நாளில் நிற்கிறார்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. முதல் வாரத்தில் வைரஸ் உடலுக்குள் பெருகுகிறது. அந்தப் பெருக்கத்தைத் தடுப்பதே இம்மாத்திரையின் வேலை. நோய் முற்றுபவர்களுக்கு அதன் பிறகு வரும் மூச்சுத்திணறலுக்குப் பெரும்பாலும் உடலின் சொந்த எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப் போவதே காரணம். அந்நிலையில் வைரஸைத் தடுக்கும் மாத்திரையால் ஆவது குறைவு. 2022-இல் வெளியான ஆய்வொன்றில் தடுப்பூசி போடாத, நோய் முற்றும் ஆபத்து அதிகமுள்ள 2,200-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அறிகுறி தோன்றிய மூன்று நாட்களுக்குள் பாக்ஸ்லோவிட் தொடங்கியவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் சேர்ந்து 89 விழுக்காடு குறைந்தன. தடுப்பூசி போட்டவர்களிடம் கிடைக்கும் பயன் இதைவிடச் சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இது எல்லோருக்குமான மாத்திரை அன்று. முதியோர், சர்க்கரை, இதய, நுரையீரல் நோயாளிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர் ஆகியோரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

காலம் தவறினால் என்னவாகும் என்பதைத் தமிழகம் தன் கண்ணாலேயே கண்டது. 2021 ஏப்ரல் இறுதியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் ஊசிக்காக விடிய விடிய மக்கள் நின்றனர். பின்னர் விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது. மருத்துவமனையில் படுத்திருந்த தந்தைக்காக, கணவனுக்காக, நகையை விற்றுக்கூட அந்த ஊசியைத் தேடியவர்கள் இருந்தனர். அந்தக் கூட்டம் அலைமோதிய வேளையில், மருத்துவமனையில் சேர்ந்துவிட்டோருக்கு இதைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மருத்துவமனைக்குப் போகும் நிலை வருமுன், அறிகுறி தோன்றி ஏழு நாட்களுக்குள், மூன்று நாள் மட்டும் அதே ரெம்டெசிவிர் செலுத்தப்பட்டவர்களிடம் மருத்துவமனைச் சேர்க்கை 87 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்து ஒன்றே, நாள்தான் வேறு.

இனி நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு தடையைப் பற்றிப் பேசியாக வேண்டும். பரிசோதனை என்றாலே நம்மில் பலருக்கு இன்னும் அச்சம். அது காரணமின்றி வந்த அச்சம் அன்று. 2020 மார்ச், ஏப்ரலில் டெல்லி நிஜாமுத்தீன் மாநாட்டை முன்வைத்து ஒரு நோயை ஒரு மதத்தின் பெயரால் அழைத்த நாட்களை நாம் மறக்கவில்லை. இலங்கையிலோ அதனினும் கொடுமை நிகழ்ந்தது. 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் குடும்பத்தாரின் கண்ணீரையும் மீறி எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான பச்சிளங்குழந்தையும் அவற்றுள் ஒன்று. அதன் பிறகும் அடக்கம் செய்ய ஓட்டமாவடி வரை போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அந்நாட்டு அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது. 'பாசிட்டிவ் என்று எழுதிவிட்டால் மையித்தைக்கூடத் தர மாட்டார்கள்' என்ற அச்சத்தில் காய்ச்சலை மறைத்த குடும்பங்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தச் சட்டங்கள் போய்விட்டன. பெருந்தொற்று அவசரநிலை 2023 மே மாதம் முடிவுக்கு வந்தது. தெருவில் தகரம் அடிப்பவர் எவரும் இன்று இல்லை. மருந்துக்கடையில் வாங்கும் பெட்டியைக் கொண்டு வீட்டிலேயே கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். முதல் நாள் 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடாமல் 48 மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அச்சம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அது தின்பது அந்த ஐந்து நாட்களைத்தான்.

மறைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. வீட்டில் நிக்காஹ் நெருங்கியிருக்கும். துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மகன் கவலைப்படுவான் என்று கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உம்மாமார்கள் தொலைபேசியில் இருமலை அடக்கிக்கொண்டு பேசுவார்கள். பிறகு தெருமுனைக் கடையில் காய்ச்சலுக்கென்று சேர்த்துத் தரும் மாத்திரைகளை வாங்கி இரண்டு நாள் ஓட்டுவார்கள். அதில் ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. சில வேளை ஸ்டீராய்டும் இருக்கும். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளியின் உயிரை அது காக்கிறது என்று 2020-இல் பிரிட்டன் ஆய்வு நிறுவியது உண்மை. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை ஏதும் காணப்படவில்லை. சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடுவதுதான் மிச்சம்.

பாக்ஸ்லோவிட்டை மருத்துவர் எழுதித் தராமல் எவரும் தொடக் கூடாது. அதிலுள்ள ரிடோனாவிர், துணை மருந்தைக் கல்லீரல் விரைந்து சிதைத்துவிடாமல் தடுப்பது. அதே தடையால் வேறு மாத்திரைகளின் அளவும் இரத்தத்தில் கூடிவிடும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினை நிறுத்தியாக வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின், அம்லோடிபின், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் சில மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவர் மாற்றவோ குறைக்கவோ நேரலாம். காசநோய்க்கான ரிபாம்பிசினும் வலிப்புக்கான பெனிடாயினும் கார்பமசிபினும் இதன் ஆற்றலையே குலைத்துவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவு குறையும். ஆகவே காய்ச்சல் வருமுன்பே, இன்றைக்கே, வீட்டுப் பெரியவர் உண்ணும் அத்தனை மாத்திரைகளின் பெயரையும் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் மகன் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியும் அதுவே: அந்தத் தாளின் படத்தைத் தன் கைபேசியில் வைத்திருப்பது, காய்ச்சலன்றே மருத்துவரை அழைத்துப் பேசுவது.

மோல்னுபிராவிர் என்ற மற்றொரு மாத்திரைக்கும் 2021 டிசம்பரில் இந்தியாவில் அவசரகால அனுமதி கிடைத்தது. அது கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பிரிட்டனில் தடுப்பூசி போட்ட 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் அது விரைவாகக் குணமாக உதவியதே தவிர மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கவில்லை. நிர்மட்ரெல்விர் கூட்டு மாத்திரையை ஐதராபாத்தின் ஹெட்டிரோ நிறுவனமும் தயாரிக்கிறது. அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் தகுதிச் சான்று வழங்கியது. ஊரின் சிறிய கடையில் அது இருக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். எங்கே கிடைக்கும் என்பதையும் மருத்துவரிடமே முன்னரே கேட்டுவைப்பது உசிதம்.

சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்துகொள்ளச் சொன்ன செய்தி நமக்குப் புதிதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதைப் பற்றி பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ரமழானில் தொற்று வந்தால், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேளை என்பதால் சஹரிலும் இஃப்தாரிலும் மாத்திரையை உண்டு நோன்பைத் தொடரலாமே என்று பெரியவர்கள் வாதிடுவார்கள். காய்ச்சலும் நீரிழப்பும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நாட்கள் அவை. நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை அவர்கள் ஏற்றுக்கொள்ளும்படி பிள்ளைகள் அன்போடு எடுத்துச்சொல்ல வேண்டும்.

காலையில் மூன்று மாத்திரை, இரவில் மூன்று, ஐந்து நாளுக்கு முப்பது. வாயில் ஓர் உலோகக் கசப்பு தங்கும். மருந்து முடிந்ததும் அது போய்விடும். இரண்டாம் நாளே உடல் தேறிவிட்டது என்று நிறுத்திவிட்டு, மீதியை இருமும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடக் கூடாது. அவர் என்னென்ன மாத்திரை உண்கிறார் என்பது நமக்குத் தெரியாது.