காயத்தின் காரணமும் பாடமாக வேண்டும்

கண்ணுக்குக் கீழே கன்றிய வீக்கமும், முன்கையில் விரல் பதிந்த தடயமுமாக அரசு மருத்துவமனைக்கு வரும் ஒரு பெண், "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று தலைகுனிந்து சொல்லும்போது, அருகில் நின்று அதற்கு ஆமாம் போடும் கணவனுக்கு அடுத்தபடியாக உண்மையை உணரும் சந்தர்ப்பம் வாய்த்தவள், அக்காயத்தைத் துடைத்துக் கட்டுப்போடும் செவிலியர் பயிற்சி மாணவியே ஆவாள். கட்டுப்போடும் முறையைக் கற்பிப்பதோடு, அதன் பின் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அவளுக்குக் கற்பிப்பது நம் கடமை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களுள் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். காவல் நிலையத்தின் படியை மிதிக்க அஞ்சுகிறவளும் பிரசவத்துக்கும் குழந்தையின் தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தே தீருகிறாள்.

சட்டமும் இதை உணர்ந்தே இயற்றப்பட்டிருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் அமலிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள், வன்முறையைப் பதிவு செய்யும் 'குடும்ப நிகழ்வு அறிக்கை' இல்லையென்று சிகிச்சையை மறுக்கலாகாது என்றும், அவ்வறிக்கை எழுதப்படாதிருந்தால் மருத்துவமனைப் பொறுப்பாளரே அதைப் பூர்த்தி செய்து பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்றும், பரிசோதனை அறிக்கையின் பிரதியைப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்றும் விதிக்கின்றன. இவற்றை அறியாத ஊழியர்களிடத்தில் சட்டத்தால் யாதொரு பிரயோஜனமுமில்லை.

மும்பை பாந்த்ராவிலுள்ள மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில், சேஹத் என்னும் ஸ்தாபனத்தின் துணையுடன் தொடங்கிய 'திலாசா' மையம், ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, ஆலோசனையையும் மருத்துவமனைக்குள்ளேயே வழங்கி, பின்னர் அந்நகரின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது. அம்மாதிரியை ஒட்டி, செவிலியர் மாணவியரும் சமூகப்பணி மாணவரும் ஒரே அறையில் பயில வேண்டும். கூட வந்தவரைச் சீட்டு வாங்கிவர அனுப்பிவிட்டுத் தனிமையில் கேட்பது, சொன்னதை நம்புவது, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்ற உபதேசத்தை அடியோடு தவிர்ப்பது, அன்றிரவு வீடு திரும்புவது அபாயமா என்று விசாரிப்பது, புகார் கொடுக்கும்படி நிர்ப்பந்திக்காமல் 181 உதவி எண்ணையும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் தெரிவிப்பது ஆகியவற்றை, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் செவிலியாகவும் மாறி மாறி நடித்துப் பழக வேண்டும். அதன்பின் சமூகப்பணி மாணவர், புகலிடத்துக்கும் சட்ட உதவிக்கும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு வழித்துணையாவார்.

ஊசி போடும் திறனைச் செய்முறைத் தேர்வில் சோதிக்கும் நம் கல்லூரிகள், இத்திறனையும் அவ்விதமே சோதித்து மதிப்பெண் வழங்க, பல்கலைக்கழகங்கள் வரும் கல்வியாண்டிலேயே ஆணை பிறப்பிக்க வேண்டும்.