சாகும் மாட்டுக்கு யார் பொறுப்பு?

பெங்களூரு பிரேசர் டவுன், 1898-ல் நகரைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, நெரிசலைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அரசு ஏடுகளில் அது புலிகேசி நகர் ஆகிவிட்டாலும், தமிழும் உருதும் கன்னடமும் கலந்து பேசும் அப்பகுதி மக்களுக்கு இன்றும் பிரேசர் டவுன்தான். அதை ஒட்டிச் செல்லும் டேனரி சாலைக்குப் பெயர் தந்தது தோல் பதனிடும் தொழில். மாநகராட்சியின் இறைச்சிக்கூடமும் பல்லாண்டுகளாக அங்கே இயங்கி வந்தது. கர்நாடகத்தில் பசுவதைத் தடை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அரசியல் கட்சிகளின் பார்வை இந்தச் சாலையின் மீதே விழும். மாடு வந்து சேரும் இடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அது புறப்பட்ட கிராமத்தை எவரும் பார்ப்பதில்லை.

2020 டிசம்பரில் கர்நாடக சட்டப்பேரவை நிறைவேற்றிய பசுவதைத் தடை மசோதா, மேலவையில் நிறைவேறாததால் 2021 ஜனவரியில் அவசரச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது; அடுத்த மாதம் மேலவையும் ஒப்புதல் தந்தது. பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றையும் 13 வயதுக்குட்பட்ட எருமையையும் வெட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை அபராதம். நோய் பரவாமல் தடுக்க வேண்டிய நேர்வுக்கும், மிகவும் நோயுற்ற மாட்டுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு கால்நடை மருத்துவரின் சான்றைச் சார்ந்தது. கடுமையான சட்டத்தின் முழுப் பாரமும் ஒருவரது கையெழுத்தில் தொங்குகிறது என்பதை அவையில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ தெரியாது.

கன்று ஈன்றபின் எழ முடியாமல் விழுந்துவிட்ட பசுவைக் கிராமத்து மருத்துவர் அடிக்கடி காண்கிறார். இடுப்பெலும்பு விலகியிருக்கும், தரையில் உரசி உரசித் தோல் புண்ணாகியிருக்கும், காக்கைகள் கொத்தத் தொடங்கியிருக்கும். முன்பு அந்த நிலை வரும்வரை விவசாயி காத்திருக்க மாட்டார். பால் வற்றியதும் சந்தையில் விற்றுவிடுவார். இப்போது வாங்க ஆள் இல்லை. வலியைத் தீர்த்துவிடுமாறு விவசாயி மருத்துவரைக் கேட்கிறார். சான்றில் ஒரு சொல் பிசகினாலும் நாளை யாரேனும் புகார் கொடுப்பார்கள் என்ற அச்சம் மருத்துவருக்கு. விவசாயிக்கும் மருத்துவருக்கும் நடுவில் மாடு கிடக்கிறது.

உரிமையாளர் இல்லாத மாட்டின் கதி இன்னும் மோசம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பு நாட்டில் 19 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளைக் கணக்கிட்டது. அவற்றைத் தவிர, திரியும் மாடுகள் சுமார் 50 லட்சம் என்றது. நெடுஞ்சாலையில் லாரி மோதி முதுகெலும்பு முறிந்த மாட்டுக்கு 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. காவல் அலுவலர் மருத்துவரை அழைக்க வேண்டும்; உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் சான்று தர வேண்டும்; பிறகு மாஜிஸ்திரேட் உத்தரவு பெற வேண்டும். அத்தனையும் முடியும்வரை மாடு சாலையோரத்தில் காத்திருக்க வேண்டும். சேலம் கோயில் யானை ராஜேஸ்வரிக்காக 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்ததைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீதிமன்றம் அனுமதித்தது, ஊசிக்கு முன்பே யானை இறந்தது. யானைக்காவது வழக்குத் தொடுக்க ஆள் இருந்தது.

அனுமதி கிடைத்தாலும் மருந்து எது? மயக்கம் கொடுக்காமல் மக்னீசியம் சல்பேட்டை மட்டும் ரத்தத்தில் செலுத்துவது கருணை ஆகாது; மூச்சு முட்டிச் சாகும் விலங்குக்கு நினைவு தப்பியிருக்காது. பென்டோபார்பிட்டால் மென்மையானது, ஆனால் உடலில் தங்கி, அதைத் தின்னும் நாயையும் கழுகையும் கொல்லும். மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தே பிணந்தின்னிக் கழுகுகளை அழித்தது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-ல் தடை வந்தபோது, வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊருக்கு வெளியே போட்ட சடலத்தைக் கூலியின்றி அப்புறப்படுத்தி வந்த பணியாளர்கள் அவை.

கழுகு இல்லாத ஊரில் குழிதான் வழி. ஆறடி ஆழம், சுண்ணாம்பு, நீர்நிலையிலிருந்து தூரம் என்பது விதி. அடைப்பான் நோயில் இறந்த மாட்டை அறுக்கவே கூடாது. அதன் நுண்வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். 2022-ல் தோல் கழலை நோய் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகளைக் கொன்றபோது, புதைக்கும் வேலை அந்தந்த ஊரின் தலையில் விழுந்தது. அதுவரை அந்த வேலையைச் செய்து வந்தவர்கள் யார்? செத்த மாட்டைத் தூக்குவதையும் தோலுரிப்பதையும் ஒரு சாதியின் கடமையாக்கிய சமூகம், 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் அதே வேலைக்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தது. இனித் தூக்க மாட்டோம் என்று குஜராத் தலித்துகள் அறிவித்து, சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் சடலங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்தக் கேள்விக்கு எந்த மாநில அரசும் நேர்மையான பதில் தந்ததாகத் தெரியவில்லை.

விற்கும் வழியை அடைத்த அரசு, சாவின் செலவை ஏற்றாக வேண்டும். வட்டத்துக்கு ஒரு சடல மேலாண்மை நிலையம், மயக்க மருந்து உள்ளிட்ட முறையான மருந்திருப்பு, நல்லெண்ணத்தோடு சான்றளித்த மருத்துவருக்குச் சட்டப் பாதுகாப்பு, உரிமையாளரற்ற மாட்டுக்கு மாஜிஸ்திரேட்டைத் தேடி அலையாத எளிய நடைமுறை ஆகியவற்றைச் செய்யாமல் கோசாலைகளை மட்டும் திறப்பது பாதி வேலை. இவை தடையை ஆதரிப்போருக்கும் எதிர்ப்போருக்கும் பொதுவானவை.

2023-ல் கர்நாடகத்தில் ஆட்சி மாறியபின், கால்நடைத் துறை அமைச்சர் கே.வெங்கடேஷ் மைசூரில் இரண்டு செய்திகளைச் சொன்னார். எருமையை வெட்டலாம் என்றால் பசுவை ஏன் வெட்டக்கூடாது என்பது ஒன்று. தம் பண்ணையில் இறந்த பசுவை 25 பேர் சேர்ந்தும் தூக்க முடியாமல், ஜேசிபி இயந்திரம் வரவழைத்துப் புதைக்க வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. முதல் செய்திக்காக எதிர்க்கட்சி தெருவில் இறங்கிப் போராடியது. அமைச்சருக்கே இப்படி என்றால் இரண்டு மாடு வைத்திருக்கும் விவசாயி ஜேசிபி வாடகைக்கு எங்கே போவார் என்ற இரண்டாவது செய்தி, அந்தக் கூச்சலில் காணாமற்போனது.