பத்து வயதும் 300 மதிப்பெண்ணும்

தூத்துக்குடி மாவட்டத்து ஆறுமுகநேரி பெற்றோருக்கு சைனிக் பள்ளி என்றால் முன்பு அமராவதிநகர்தான். 2022-இல் அனுமதி பெற்ற 21 புதிய சைனிக் பள்ளிகளில் தூத்துக்குடி விகாசா பள்ளியும் ஒன்று. ஆசை பக்கத்து ஊருக்கே வந்துவிட்டது.

ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு மொத்தம் 300 மதிப்பெண். கணக்குக்கு மட்டும் 150. எழுதுவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். எழுதி முடித்ததும் தவிப்பு பெற்றோருக்கு மாறுகிறது. செல்போனும் கையுமாகக் காத்திருக்கிறார்கள். முடிவு வந்தாலும் தீராது: இணையவழிக் கலந்தாய்வு, மருத்துவப் பரிசோதனை என்று நீளும். அதற்குள் உள்ளூர்ப் பள்ளியில் பணம் கட்டுவதா, பொறுப்பதா?

இந்தத் தவிப்பில் பெரும்பகுதி வேண்டாதது. முடிவு வரும் தேதியையும் கலந்தாய்வுச் சுற்றுகளையும் விண்ணப்பத்தின்போதே, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை அறிவிக்க வேண்டும். கேள்வித்தாள் தமிழில் கிடைக்கிறது. கலந்தாய்வு விதிகளும் தமிழில் வரட்டும்.